தெப்பக்காரரைப் பற்றி ஒரு வரி

சுல்மா அரோஸ்பிடேயைப் பற்றி நல்லதாக எழுதச் சொன்னால் எனக்கு இரண்டு நாள் போதும். கெட்டதாக எழுதச் சொன்னால் ஒரு மணி நேரம். இரண்டையும் சேர்த்து எழுத உட்கார்ந்ததால்தான் மூன்று மாதமாக இந்தத் தாள்கள் என் குலுக்கல் சீட்டுக் கடையின் இழுப்பறையில் கிடக்கின்றன.

என் கடைக்கு நேர் எதிரே மருந்துக்கடை. அங்கே முப்பத்தெட்டு வருஷம் நின்றவள் அவள். எங்கள் ஊரான புவெர்த்தோ கலாந்திரியாவில் காய்ச்சல் கண்டவர்கள் எல்லாரும் அவள் கையால் மாத்திரை வாங்கியவர்கள்தான். பெட்டியை எடுப்பாள், காலாவதித் தேதியைப் படிப்பாள், மருத்துவர் சீட்டைப் படிப்பாள், மறுபடியும் தேதியைப் படிப்பாள். பல்வலியோடு நிற்கிறவனுக்கு அதற்குள் பல்லே விழுந்துவிடும் என்று கிண்டல் செய்வார்கள். காதில் வாங்க மாட்டாள். ஒல்லி உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, வருஷம் முழுவதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பாள்.

மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த மூன்று மணி நேரம் எங்களுடையது. வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வருவாள். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து ஒரே சுரைக்குடுக்கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீரை ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலில் மாற்றி மாற்றிக் குடிப்போம். மழை பெய்தால் நான் ரொட்டி பொரிப்பேன். முப்பது வருஷம் இப்படிப் போனது. என் புருஷன் ஓடிப்போன சேதியை முதலில் கேட்டவள் அவள். அவன் போனதில் எனக்குச் சந்தோஷம் என்பதைக் கேட்டவளும் அவள் ஒருத்திதான்.

இரண்டாயிரத்து ஏழில் மருந்துக்கடை முதலாளி சரக்கு இருப்பு பார்க்க ஒரு கணினி வாங்கிப் போட்டார். ஆள் வராத நேரத்தில் சுல்மா அதில் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்தக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊருக்கு இரண்டே வரிகள் இருந்தன. அதில் ஒரு வரியின்படி எங்கள் ஊர் ஆறு எதிர்த்திசையில் ஓடியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பதினாறு வருஷம் அவளை விடவில்லை.

அந்தக் கலைக்களஞ்சியத்துக்காரர்களின் விதிகளை அவள் எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். உனக்குத் தெரியும் என்பது அங்கே செல்லாது. எங்கே அச்சாகியிருக்கிறது என்று காட்ட வேண்டும். அச்சில் இல்லாவிட்டால் வரியின் தலைமேல் சின்ன எழுத்தில் ‘சான்று தேவை’ என்று ஒட்டுவார்கள். சான்று வராவிட்டால் வரியை வெட்டுவார்கள். இந்த வேலை சுல்மாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. ‘கமலோட்டே’ வார இதழின் பழைய பிரதிகளைக் குப்பைக்குப் போகாமல் தடுத்து வீட்டில் அடுக்கினாள். கல்லறைகளில் பிறந்த தேதி குறித்துக்கொண்டு வந்தாள். ரொட்டிக்கடைக்காரர் தன் தாத்தாதான் ஊரில் முதல் அடுப்பு கட்டியவர் என்று எழுதப்போக, சான்று தேவை என்று ஒட்டிவிட்டாள். அவர் தாத்தாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கே வந்தார். படத்தில் அடுப்பு இல்லையே என்றாள்.

அதைவிடப் பெரிய கலவரம் பந்தாட்டக்காரனால் வந்தது. நம் ஊரில் பிறந்தவன் என்று ஊரே மார்தட்டும் ஒருத்தன் உண்டு. சுல்மா பதிவேடுகளைத் தேடிப் போய், அவன் பிறந்தது நாட்டு எல்லையாக ஓடும் பெரிய ஆற்றின் எதிர்க்கரையில், அர்ஜென்டினாவில் என்று கண்டுபிடித்து வரியை வெட்டினாள். ஒரு வாரம் ஆண்பிள்ளைகள் மருந்துக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை, தலைவலியைப் பொறுத்துக்கொண்டார்கள். அவள் அசையவில்லை. ரயில் நிலையத்தின் முதல் அதிகாரி தன் பெரியப்பா என்று அவளே எழுதியிருந்த வரிக்கும் அச்சுச் சான்று கிடைக்காமல், அதையும் தன் கையாலேயே வெட்டினாள். அதைப் பார்த்த நாளில்தான், இவளை நம்பி எதையும் ஒப்படைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த உலகத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். தேரோ என்று ஒரு பறவையின் பெயரை வைத்துக்கொண்டு எழுதுகிறவர். மெர்செதெஸ் நகரத்தில் பத்திரம் எழுதும் நோட்டரி. பதினோரு வருஷமாகத் தினமும் கடிதப் போக்குவரத்து. நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, தலைநகர் மொந்தேவிதேயோவில் நடந்த கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்களின் கூட்டத்தில். அதற்கு மூன்று வாரம் முன்பே தலைமுடி வெட்டிக்கொண்டாள். திரும்பி வந்து அவர் நல்ல மனுஷன் என்று மட்டும் சொன்னாள். நான் வாயைப் பிடுங்கிப் பார்த்தேன், வேறு எதுவும் வரவில்லை. சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்கிறவர்களை அங்கே நூலகர் என்பார்கள். தேரோவை நூலகராக்க ஓட்டுக் கேட்டு முதலில் எழுதியவள் சுல்மாதான்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெர்வாசியோ பெந்தான்கோர். பாலம் வருவதற்கு முன் எங்கள் ஊர்ச் சின்ன ஆற்றைக் கடக்க ஒரு தெப்பம் இருந்தது. இரண்டு கரைக்கும் கட்டிய இரும்பு வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். அதை ஓட்டியவர் அப்பா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று ஆகஸ்டில், வெள்ளத்தோடு, ஒரு மாட்டு லாரியையும் பதினேழு பேரையும் ஏற்றிக்கொண்டு போன தெப்பத்தின் வடம் அறுந்தது. ஒன்பது பேர் செத்தார்கள். அப்பா நீந்திக் கரையேறினார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு துறையில்தான் நின்றிருந்தேன். லாரியை ஏற்ற முடியாது, வடம் தாங்காது என்று அப்பா சொன்னதையும், தெப்பத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த குத்தகைக்காரர் வேலை போய்விடும் என்று மிரட்டியதையும் காதால் கேட்டேன். அப்பா தெளிவாக நின்றார். கையில் மாத்தே இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அவர் குடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆரம்பித்தவர் பதினைந்து வருஷம், சாகும்வரைக்கும் நிறுத்தவில்லை. விசாரணைக் காகிதங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. குத்தகைக்காரரும் செத்துவிட்டார்.

போன மார்ச்சில் நகராட்சிச் செயலாளர் யமண்டூ என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். விபத்து நடந்து ஐம்பது வருஷம் ஆகிறது, துறையில் வெண்கலப் பலகை வைக்கப்போகிறோம், குடும்பத்தார் எல்லாரும் வாசகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். படித்தேன். ஒன்பது பெயர்கள். அதற்கு மேலே, ‘தெப்பக்காரர் குடிபோதையில் இருந்ததால் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தோர்’ என்று ஒரு வரி.

யமண்டூ கெட்டவன் இல்லை, சோம்பேறி. இது தாங்கள் எழுதியது இல்லை, கலைக்களஞ்சியத்தில் சான்றோடு இருக்கிறது என்று திரையைத் திருப்பிக் காட்டினான். சான்று என்று கீழே போட்டிருந்தது ‘கமலோட்டே’ இதழின் இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷச் சிறப்பிதழ், நான்காம் பக்கம். அந்த இதழ் வந்தபோது நான் தாக்வாரெம்போவில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் அதை ஒருத்தரும் என் கண்ணில் காட்டவில்லை, என் மனசு நோகும் என்று மறைத்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடாமல் தெருவைக் கடந்து மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். அந்தக் கலைக்களஞ்சியத்தில் பதினாறு வருஷமாகக் குடியிருப்பவள் இவள்தானே. அப்பா அன்றைக்குக் குடிக்கவே இல்லை, ஜூலைக் கடைசியில் பலகையை வார்க்கக் கொடுக்கிறார்கள், அதற்குள் அந்த வரியை எடுத்துவிடு என்றேன். சுல்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். காகிதம்போல வெளுத்துப்போனாள். எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன்.

“என்கிட்ட விடு, நிவியா. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

பார்த்துக்கொண்டாள், நாலு மாதம். அந்த வரியை அவள் நீக்கினால் மறுநாள் யாராவது திரும்ப வைப்பார்கள். சான்று இருக்கிறதே என்பார்கள். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் அவள் பத்தி பத்தியாக வாதாடினாள். சம்பவம் நடந்து நாற்பது வருஷம் கழித்து வந்த ஒரு வார இதழ் எப்படி நம்பகமான சான்றாகும், அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள். ‘கமலோட்டே’ ஆசிரியர் டோன் அபாரிசியோவிடம் நேரிலேயே போனாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, பழைய ஆற்றுக்காரர்களிடம் விசாரித்து எழுதினோம், பத்திரிகை தர்மப்படி பெயர் சொல்ல முடியாது என்று பதில் சொன்னார். தர்மம் என்ற வார்த்தையை அந்த மனுஷர் வாயில் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

நான் தினமும் கைப்பேசியில் அந்தப் பேச்சுப் பக்கத்தைத் திறந்து படித்தேன். பாதி புரியாது. ஆனால் என் அப்பாவுக்காக ஒருத்தி தன்னந்தனியாக மல்லுக்கட்டுகிறாள் என்பது புரிந்தது. மழை இல்லாத நாளில்கூட அவளுக்கு ரொட்டி பொரித்துக் கொடுத்தேன். அவள் சாப்பிட முடியாமல் வைத்துவிடுவாள். அலைச்சல், பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி அந்தப் பக்கத்தில் தேரோ எழுதியிருந்தார். நடுநிலை காக்க வேண்டிய நூலகர் என்ற முறையில், தனக்கு வந்த தனிக் கடிதம் ஒன்றைச் சமூகத்தின் முன் வைப்பது கடமை என்று ஆரம்பித்திருந்தார். அதற்குக் கீழே சுல்மாவின் கடிதம், கையெழுத்து உட்பட முழுசாக இருந்தது.

“அந்த வரியை இரண்டாயிரத்து ஏழு செப்டம்பரில், என் பெயரில் கணக்குத் தொடங்குவதற்கு முன்னால், மருந்துக்கடைக் கணினியிலிருந்து எழுதியது நான்தான். எந்த ஏட்டையும் பார்த்து எழுதவில்லை. விதிகள் தெரியாத காலம், மனதில் இருந்ததை எழுதினேன். வார இதழ் என் வரியைப் பார்த்து எழுதியது. பிறகு யாரோ அந்த இதழையே என் வரிக்குச் சான்றாக ஒட்டியிருக்கிறார்கள். தெப்பக்காரரின் மகள் என் சிநேகிதி. அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.”

அடுத்ததாகத் தேரோவின் தீர்ப்பு. பெயரில்லாமல் வந்த அந்தப் பழைய வரியை எழுதியது இவர்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒருவர் தன் வாயால் சொல்வது சான்றாகாது, இந்த விதியை நம் எல்லாருக்கும் கறாராகக் கற்றுக்கொடுத்தவரே இவர்தான். சம்பந்தப்பட்ட குடும்பத்தோடு தனக்குள்ள நெருக்கத்தை இவர் மறைத்துவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரையைத் தொட இவருக்குத் தடை விதிக்க வேண்டும். ஓட்டெடுத்தார்கள். பதினான்குக்கு மூன்று. பதினான்கில் முதல் ஓட்டு தேரோவுடையது. எப்போதோ அவருடைய மாமா ஒருவரைப் பற்றிய கட்டுரையைச் சான்றில்லை என்று சுல்மா நீக்கியிருக்கிறாள். அதற்குப் பழி வாங்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது.

ஆனால் அன்றைக்குத் தேரோவைப் பற்றி நினைக்க எனக்கு நேரமில்லை. மூன்று தடவை கடிதத்தைப் படித்தேன். நாலு மாதம் நான் நன்றி சொல்லிச் சொல்லி ரொட்டி ஊட்டியது, அந்த வரியை எழுதியவளுக்கே. ஒரே ஒரு நாள் நேரில் பார்த்த ஆளுக்கு உண்மையைச் சொல்லத் தெரிந்தது. தினமும் எதிரே உட்கார்ந்திருக்கிற எனக்குச் சொல்லத் தைரியம் இல்லையாம்.

மறுநாள் மதியமும் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கலைக்களஞ்சியத்தில் இருந்த தன் பதினாறு வருஷக் கணக்கைக் காலையில் மூடிவிட்டதாகச் சொன்னாள். உட்கார்ந்து மாத்தே ஊற்றி என் பக்கம் நீட்டினாள். வாங்காமல் நன்றி என்றேன். மாத்தே ஊற்றுகிறவளிடம் நன்றி சொன்னால் எனக்கு இனி வேண்டாம் என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் முதல் ஊற்றலிலேயே நான் அதைச் சொன்னதில்லை. அவள் குடுக்கையைத் தரையில் வைத்தாள்.

“படிச்சிட்டே.”

“ஊரே படிச்சிருச்சு. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எங்கப்பா குடிச்சிருந்தார்னு உனக்கு யாருடி சொன்னா? அபாரிசியோ உன் வரியப் பாத்து எழுதினார். உனக்கு யார் சொன்னா? சான்று சான்றுன்னு ஊர்ல இருக்கறவன் உசிரையெல்லாம் எடுத்தியே, உன்னோட சான்று என்ன?”

அவள் குனிந்து வெந்நீர்க் குடுவையின் மூடியைத் திருகினாள்.

“வாயத் திற, சுல்மா. ரெண்டு பேர் என் முதுகுல குத்தியிருந்தா ரெண்டு பேர் பேரும் எனக்குத் தெரியணும்.”

“வேணாம், நிவியா.”

“சொல்லு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். என்னைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

“நீதான்டி சொன்னே. உங்கம்மாவை அடக்கம் பண்ணிட்டுத் திரும்பறப்ப. என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘அந்தக் குடிகாரன் குடிச்சுட்டு ஆத்துல ஒம்பது பேரைக் கொன்னான், பத்தாவதா எங்கம்மாவக் கொன்னுட்டான்’னு அழுதே. அடுத்த வருஷம் அந்தப் பக்கத்த எழுதறப்ப, பெத்த பொண்ணே சொல்லியிருக்கா, பொய்யா இருக்குமான்னு நெனச்சுட்டேன். அந்த வரிய மட்டும் நான் மறுபடி திரும்பிக்கூடப் பாக்கல. அது உங்கிட்டருந்து வந்தது, சந்தேகமே வரல.”

பொய் சொல்கிறாள் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் கல்லறைத் தோட்டத்து ஓரத்துச் சைப்ரஸ் மரங்களும், என் செருப்பில் ஒட்டியிருந்த சேறும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. சொன்னேன்தான். அப்பா குடித்துச் சீரழிந்த பதினைந்து வருஷமும் துணி துவைத்து அவருக்குக் கஞ்சி ஊற்றிய அம்மாவை அன்றைக்குத்தான் மண்ணில் இறக்கியிருந்தேன். எனக்கு அவர்மேல் அத்தனை ஆத்திரம். பதினொரு வயதில் கண்ணால் பார்த்ததை அந்த ஆத்திரத்தில் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

“இத ஏன் அந்தாளுக்கு எழுதின கடுதாசில போடல?”

“உம் பேரை இழுக்க வேணாம்னு நெனச்சேன். நான் மட்டும் மாட்டிக்கிட்டாப் போதும்னு.”

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறாள், தெரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. சாவு வீட்டில் அழுகையோடு அழுகையாகச் சொன்னதை, மாத்திரைப் பெட்டியின் தேதியை இரண்டு தடவை படிக்கிற இந்தப் பெண், ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்காமல் உலகத்துக்கே எழுதிப் போட்டிருக்கிறாள். நிஜமாடி என்று ஒரே ஒரு மதியம் கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பேனே. அதை அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். வெந்நீர்க் குடுவையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் நகராட்சிக்குப் போய் யமண்டூவின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துறையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றதையும், குத்தகைக்காரர் மிரட்டியதையும், அப்பா கையில் மாத்தே இருந்ததையும் விடாமல் சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். தண்ணீர்கூடக் கொடுத்தான்.

“நீங்க சொல்றத நான் நம்பறேன்மா. ஆனா இது எங்கயாவது அச்சுல இருக்கா?”

இல்லை என்றேன். என் கையெழுத்து இல்லாமலே, அந்த வரியோடு ஆகஸ்டில் பலகையை வைத்துவிட்டார்கள். விபத்து நடந்த அன்றைக்கு அப்பா தெளிவாக நின்றார் என்று கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன், சான்று கேட்கிறார்கள். குடித்திருந்தார் என்று பார்க்காததை ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னேன், அதற்கு யாரும் சான்று கேட்கவில்லை, வெண்கலத்தில் வார்த்துவிட்டார்கள்.